அண்ணி இல்லாமல் ஒரு பில்டு

ஆபரேஷனுக்கு டாக்டர் சொன்ன தேதியை அண்ணி இரண்டாவது தடவையாகத் தள்ளிப்போட்டபோது பட்டாசுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. "கழுத்துல அவ்வளவு பெரிய கட்டியை வெச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்காங்களே, இவங்களை என்னதான் பண்றது?" என்று அண்ணனிடம் எரிந்து விழுந்தாள். அண்ணன் பாவம், என்ன சொல்வான்? பெண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் தலையைச் சொறிவதுதான் அவன் வழக்கம். அன்றும் சொறிந்தான்.

பட்டாசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் வெடிப்பாள் என்று, கல்யாணமாகி வந்த புதிதிலேயே அண்ணி அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். வந்த வீட்டில் நாத்தனாருக்கே பட்டப்பெயர் வைக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? இவளும் சண்டைக்குப் போகாமல் அந்தப் பெயருக்கு "என்ன அண்ணி?" என்று திரும்பிப் பார்த்தாளே, அதைத்தான் வீட்டில் யாராலும் நம்ப முடியவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து நடத்துகிற தொழில் அது. டயர் கடைக்கு மேலே ஒரே அறை, மூன்று மேஜை. கீழே காற்றடிக்கிற கம்ப்ரசர் ஓடினால் மேலே ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். துணி வெட்டுகிற பட்டறைகளுக்கு மென்பொருள் செய்து விற்கிறார்கள். சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றையும் துணியில் எப்படி நெருக்கிப் பரப்பினால் வீணாகாது என்று அது படம் போட்டுக் காட்டும். எழுதியவள் அண்ணி. பட்டறை பட்டறையாக அலைந்து விற்பவன் அண்ணன். வாங்கினவர்கள் போனில் திட்டினால் வாங்கிக் கட்டிக்கொள்பவள் பட்டாசு. திட்டு வாங்கி வாங்கியே மென்பொருளின் மூலைமுடுக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. கொஞ்ச காலமாகச் சின்னச் சின்னத் திருத்தங்களை அவளே எழுதுகிறாள்.

ஆனால் எழுதினால் மட்டும் போதாதே. எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற பொருளாகக் கட்டித் தர வேண்டும். அதற்குத்தான் பில்டு போடுவது என்று பேர். அதுவும் ஒன்றா இரண்டா? ஒரு பட்டறையில் விண்டோஸ் இருக்கும், இன்னொன்றில் மேக் இருக்கும், காசு மிச்சம் பிடிக்கிற முதலாளி லினக்ஸ் போட்டு வைத்திருப்பார். மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்; போட்டுப் பார்க்க மூன்று வகை மெஷினும் பட்டாசின் மேஜையில் உண்டு. அண்ணி பல வருஷமாக ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வைத்திருந்த வழி ஒன்று உண்டு. அது அண்ணியின் லேப்டாப்பில் மட்டும் வேலை செய்யும். வேறு யாராவது தொட்டால் சிவப்பு எழுத்தில் எரராகக் கொட்டும்.

"நான் ஆஸ்பத்திரியில படுத்துட்டா யாரு பில்டு போடறது? கஸ்டமருக்கு ஏதாவது உடைஞ்சா யாரு பாக்கறது?" இதுதான் அண்ணி சொன்ன காரணம். முதல் தடவையும் இதே, இரண்டாவது தடவையும் இதே.

"நான் பாக்கறேன்."

"உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? நான்தான் இருக்கேனே."

அந்தக் கடைசி வார்த்தைதான் பட்டாசுக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னால் முடியாது என்று நினைக்கிறாள், அவ்வளவுதானே? என்னமோ உலகத்திலேயே இவளுக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி! சரி, பார்த்துவிடுவோம் என்று அன்றைக்கே உட்கார்ந்தாள்.

அவள் கற்றுக்கொள்ள உட்கார்ந்தது சிமேக் என்கிற பில்டு சிஸ்டம். எந்த மெஷினில் எப்படிக் கட்டுவது என்று தனித்தனியாக எழுதி மாளாமல், என்ன வேண்டும் என்பதை மட்டும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால், விண்டோசுக்கு ஏற்ற மாதிரி ஒன்று, மேக்குக்கு ஏற்ற மாதிரி ஒன்று, லினக்சுக்கு ஏற்ற மாதிரி ஒன்று என்று வழி பண்ணிக் கொடுக்கும். சட்டை அளவை மட்டும் எழுதிக் கொடுத்தால், யார் எந்தத் தையல் மெஷின் வைத்திருந்தாலும் தைத்துக்கொள்ளலாம் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்யும்போது அல்லவா தெரியும்! முதல் தடவை பில்டு போட்டபோது அதற்கென்று தனி போல்டர் வைக்க வேண்டும் என்று தெரியாமல், எழுதிய கோப்புகள் இருக்கிற இடத்திலேயே போட்டுவிட்டாள். சிமேக் தன் பங்குக்கு நூறு கோப்புகளை அங்கேயே இறைத்துவிட்டது. எது தன்னுடையது, எது அதனுடையது என்று பொறுக்கிப் பிரிப்பதற்குள் இவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் விண்டோசில் சமர்த்தாக ஓடியது லினக்சில் முரண்டு பிடித்தது. என்னடா என்று பார்த்தால், ஒரு கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சின்ன எழுத்து. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் அப்படியா? ஒரு எழுத்து மாறினாலும் அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று கதவைச் சாத்திவிடும். பட்டாசு அதைத் திட்டாத திட்டு இல்லை.

அடுத்து வந்தது லைப்ரரி; மென்பொருளோடு எடுத்துச் சேர்த்துக்கொள்கிற தயார் நிரலுக்கு அப்படிப் பேர். வளைவுகளைக் கணக்குப் போடுகிற ஒரு லைப்ரரி, வேறு யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்தது, அண்ணியின் மென்பொருள் அதன் மேல்தான் நிற்கிறது. "அதைக் காணோம்" என்றது சிமேக். தேடிப் பார்த்தாள். பொது போல்டரில் இருந்தது. அறையில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் பொது என்று ஒரு போல்டர் தெரியும். பில், போட்டோ, பட்டறைகளின் முகவரி எல்லாம் அதில்தான் கிடக்கும். அண்ணன் எப்போதோ ஏற்பாடு பண்ணி வைத்தது. அங்கே இருக்கிறது பார் என்று சிமேக்குக்கு ஒரு வரி எழுதிக் காட்டினாள். உடனே கட்டிக் கொடுத்துவிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ், மூன்றிலும் பச்சை.

பட்டாசு நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். "அண்ணி, இங்க வந்து பாருங்க!"

அண்ணி வந்தாள். கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை; கட்டி வந்ததிலிருந்து அப்படித்தான். மூன்று திரையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ம்" என்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? பட்டாசுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "இனிமே சாக்கு கிடையாது. டாக்டருக்கு போன் போடறேன்" என்று அங்கேயே போட்டு, தேதியும் வாங்கிவிட்டாள். டாக்டர் இந்தத் தடவை கறாராகச் சொன்னார், இதற்கு மேல் தள்ளினால் கட்டி குரலுக்குப் போகிற நரம்பை அழுத்தும், அப்புறம் தன்னைக் கேட்கக்கூடாது என்று.

அந்த நாளும் வந்தது. ஆபரேஷன் மத்தியானம்; காலையிலேயே போய்ப் படுக்க வேண்டும். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்க, அண்ணி பின்னால் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"கழுத்தை அறுத்துக்கப் போறப்போ லேப்டாப் எதுக்கு அண்ணி?" என்று கேட்டுவிட்டு, கேட்ட விதம் சரியில்லை என்று பட்டாசு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள் அண்ணி.

அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையின் கட்டிங் மாஸ்டர். அந்த மனிதர் போனை எடுத்தாலே குரல் தெருவுக்குக் கேட்கும். "என்னம்மா இது, புதுசா அகலத் துணி வந்திருக்கு, அந்த அகலத்தைப் போட்டா உங்க சாப்ட்வேர் தானா மூடிக்குது! துணியை டேபிள்ல விரிச்சு வெச்சுக்கிட்டு ஆளுங்க எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க!"

"அரை மணி நேரம் குடுங்க மாஸ்டர்" என்றாள்.

தப்பைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இல்லை. துணியின் அகலத்துக்கு எப்போதோ ஒரு வரம்பு வைத்திருந்தார்கள், புதுத் துணி அதைத் தாண்டிவிட்டது. ஒரு எண்ணை மாற்றினாள். பில்டு போட்டாள். சிவப்பு.

மறுபடி போட்டாள். மறுபடி சிவப்பு. மேக்கில் போட்டாள், லினக்சில் போட்டாள், எல்லாவற்றிலும் சிவப்பு. லைப்ரரியைக் காணோமாம். நேற்று வரைக்கும் இருந்தது இன்றைக்கு எங்கே போகும்? பொது போல்டரைத் திறக்கப் போனாள். திறக்கவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. பொது போல்டர் என்று ஒன்று இங்கே இருக்கிற எந்த மெஷினிலும் கிடையாது. அது அண்ணியின் லேப்டாப்பில் இருக்கிற ஒரு போல்டர். அதைத்தான் அண்ணன் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறான். லேப்டாப் இந்த அறையை விட்டுப் போனதே இல்லை, அதனால் யாருக்கும் அது நினைவிலேயே இல்லை. மூன்றிலும் பச்சை என்று துள்ளினாளே, அன்றைக்கும் அண்ணியின் லேப்டாப்தான் பின்னால் நின்று தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மாஸ்டர் காத்திருக்கிறார். பட்டாசு லைப்ரரியை இணையத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொண்டாள். யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்ததுதானே. பில்டு வந்தது, மூன்றிலும். அப்பாடா என்று ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்தாள். முன்பக்கம் சரி, பின்பக்கம் சரி. கையின் மேல் வளைவு மட்டும் ஒரு விரல் அகலம் குறைந்து கிடந்தது.

அந்த வளைவை அவளுக்குத் தெரியும். தொழில் ஆரம்பித்த புதிதில் போனில் அவள் வாங்கிய முதல் திட்டே அதற்குத்தான், கை உடம்போடு சேரவில்லை என்று. அண்ணி அப்போது அந்த லைப்ரரிக்குள்ளேயே புகுந்து திருத்தினாள். திருத்தின பிரதி உலகத்திலேயே ஒன்றுதான், அது இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

போனைக் கையில் எடுத்தாள். அண்ணியைக் கூப்பிட்டால் நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் அண்ணி பதில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிற ரகமா? ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த ஆட்டோவில் வந்து நிற்பாள். மூன்றாவது தடவை தள்ளிப் போகும். டாக்டர் இனி முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதைவிட, அந்த நரம்பு! பட்டாசு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நான் பேசறேன்னு காட்டிக்காத. 'உம்' மட்டும் கொட்டு. அண்ணி பக்கத்துலயா?"

"உம்."

"சார்ஜ் போடறேன்னு சொல்லி லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வெளிய வா."

அந்தப் பக்கம் அண்ணன் எதையோ மென்று விழுங்குவது கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். "வந்துட்டேன், வராண்டாவுல பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருக்கேன். என்னடி இது, என்னைத் திருடனாக்கிட்ட?"

"பாஸ்வேர்டு தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிப்பா."

லைப்ரரி இருக்கிற போல்டரைக் கண்டுபிடித்தான். "மூணு மெஷினுக்கும் கட்டி முடிச்சது ரெடியா இருக்கு, அதை அனுப்பிடவா? சின்னதுதான், டக்குனு வந்துடும்."

பட்டாசு ஒரு நிமிஷம் யோசித்தாள். இன்றைக்குப் பொழுதை ஓட்ட அது போதும். மாஸ்டர் வாயை அடைத்துவிடலாம். ஆனால் நாளைக்கு ஒரு மெஷின் மாறினால், மறுபடி அண்ணி வந்துதான் கட்ட வேண்டும். "வேண்டாம். அவங்க திருத்தி எழுதினது வேணும். முழு போல்டரும்."

"பெருசா இருக்கே. இங்க நெட் நகரவே மாட்டேங்குது."

"நகர்ற வரைக்கும் உட்காரு. உள்ள போகாத."

வந்து சேர்வதற்குள் மாஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். இரண்டாவது தடவை பட்டாசும் பதிலுக்குக் கத்தினாள்; மனிதர் அசந்துபோய் அடங்கிவிட்டார். போல்டர் வந்ததும் அதைத் தங்கள் மென்பொருளின் கோப்புகளோடேயே சேர்த்து வைத்தாள். வெளியே எங்கேயும் தேடாதே, முதலில் இதைக் கட்டு, அப்புறம் நம்முடையதைக் கட்டு என்று சிமேக்குக்கு எழுதினாள். பழைய பில்டு போல்டரை மூன்று மெஷினிலும் அழித்தாள். ஒரு தடவை கண்டுபிடித்த இடத்தை சிமேக் குறித்து வைத்துக்கொண்டு அங்கேயே போய் முட்டும். அந்தப் புத்தியை முதலில் துடைக்க வேண்டும். பொது போல்டரின் இணைப்பையும் பிடுங்கிவிட்டாள். பிறகு ஓட விட்டாள்.

விண்டோசில் வந்துவிட்டது. மேக்கில் வந்துவிட்டது. லினக்ஸ் மட்டும் பழையபடி ஒரு பெரிய எழுத்துக்கு முறைத்துக்கொண்டு நின்றது. அட, உன்னை எனக்குத் தெரியாதா என்று சிரித்தபடி திருத்தினாள், அதுவும் வந்துவிட்டது. சட்டையைப் போட்டுப் பார்த்தாள். கை, கை மாதிரி இருந்தது. மூன்று திரையிலும் ஒரே கை. மேக்குக்கானதை மாஸ்டருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு, "வெட்ட ஆரம்பிச்சாச்சும்மா, கோவத்துல என்னென்னவோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றார்.

போனை வைத்ததுதான் தாமதம், மறுபடி அடித்தது. அண்ணி.

"என்ன உடைஞ்சுது?"

பட்டாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணன் சொல்லிட்டானா?"

"அவர் மூஞ்சிதான் சொல்லுதே. திருதிருன்னு முழிக்கிறார். பில்டு வரலை, அதானே? பொது போல்டர் என்கிட்ட இருக்கு, அங்க வராதுன்னு எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் தொடாத. நான் கிளம்பி வரேன். டாக்டர்கிட்ட இவர் பேசிக்குவார், இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

பட்டாசு திட்டத்தான் வாயைத் திறந்தாள். தெரிந்தேதான் கொண்டுபோனீர்களா என்று கேட்கத்தான் வந்தாள். ஆனால் அண்ணியின் குரல் அவளைத் தடுத்தது. அந்தக் குரலில் அதட்டல் இல்லை, அலட்டல் இல்லை. தப்பித்தோம் என்கிற சந்தோஷம் இருந்தது. பரீட்சை அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் பிள்ளைகள் பேசுமே, அப்படிப் பேசினாள்.

"உடைஞ்சது நிஜம்தான் அண்ணி" என்றாள் மெதுவாக. "சரி பண்ணிட்டேன்."

"மூணுலயுமா?"

"மூணுலயும்."

"கை வளைவு?"

"பாத்துட்டேன். சரியா வருது. நீங்க எழுதினதை நம்ம கோப்புகளோடவே சேர்த்துட்டேன். இனிமே உங்க லேப்டாப் எங்க இருந்தாலும் பில்டு வரும்."

கீழே கம்ப்ரசர் ஓடி ஓய்ந்தது.

"நல்லது" என்றாள் அண்ணி. அப்புறம், "எனக்குப் பயமா இருக்கு பட்டாசு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அண்ணி வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை அது. ராங்கி, தன்னை விட்டால் ஆளில்லை என்கிற திமிர், நம்மை மதிக்கவில்லை, இப்படி என்னென்னவோ நினைத்து மாதக்கணக்கில் மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறாள். பட்டாசுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அண்ணி மேல் வந்ததற்கு ஆத்திரம் என்று பேர் இல்லை.

"ஏன் அண்ணி முன்னாடியே சொல்லலை?"

"பில்டு இருந்துச்சே. அதைச் சொல்லிக்கிட்டிருந்தேன்." குரல் உடைந்தது. "மயக்க மருந்து குடுத்தப்புறம் எந்திரிக்கலைன்னா? எந்திரிச்சு குரல் வரலைன்னா? யார்கிட்ட போய்ச் சொல்றது? உங்க அண்ணன்கிட்ட சொன்னா எனக்கு முன்னாடி அவர் விழுந்துடுவார்."

"நான் வரேன். நான் வர்ற வரைக்கும் உங்களைக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லுங்க."

"ஆபீஸ்ல யாரு இருப்பா? கஸ்டமர் கூப்பிட்டா?"

"கூப்பிடட்டுமே. யாரும் செத்துப்போயிட மாட்டாங்க."

கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள். ஆட்டோக்காரர் வழியெல்லாம் விலைவாசி பற்றி ஏதோ பேசினார். ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் அண்ணன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். உள்ளே அண்ணியைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். கழுத்து மூடிய சட்டை இல்லாமல், அந்தத் தொளதொள அங்கியில், கட்டி வெளியே தெரியப் படுத்திருந்த அண்ணியை அவள் பார்த்ததே இல்லை. சின்னப் பெண் மாதிரி இருந்தாள்.

பட்டாசு போய்க் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். வெடிக்கிற வாய்க்கு அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணி" என்றாள்.

அண்ணி அவளைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, லேசாகச் சிரித்தாள். வண்டி நகர்ந்தது. பட்டாசு கையை விடாமல் கூடவே நடந்தாள். அண்ணியும் விடவில்லை. நர்ஸ், "போதும்மா, இதுக்கு மேல வரக்கூடாது" என்றாள். யார் கேட்டார்கள்? இரண்டு பேரும் கேட்கவில்லை. கதவு திறந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் மருந்து வாடையும் வந்தன.

"சரி, விடு" என்றாள் அண்ணி. "நான் போறேன்."